காலையில் மட்டும் கேட்கும் 'கட கட': டைமிங் செயின் டென்ஷனர் கேள்வி - பதில்

வட ஆற்காட்டு வாசகர்களிடமிருந்து டைமிங் செயின் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

என்னுடையது 2013 மாடல் 1.3 லிட்டர் டீசல் கார். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி 'கட கட' என்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது. பகலில் எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் சத்தம் இல்லை. மெக்கானிக், 'டீசல் வண்டின்னா அப்படித்தான் சார்' என்கிறார். விட்டுவிடலாமா?
- வாசகர், குடியாத்தம்

விடக் கூடாது. டீசல் இன்ஜினின் இயல்பான சத்தம், இன்ஜின் சூடேறச் சூடேறக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கும். இரண்டே விநாடியில் சட்டென்று நிற்கும் சத்தம் வேறு ரகம். ஆயில் பிரஷர் வந்ததும் அது நிற்கிறது. அப்படியென்றால், ஆயில் பிரஷரை நம்பி வேலை செய்யும் ஒரு பாகம் இரவோடு இரவாக ஆயிலை இழந்திருக்கிறது. முதல் சந்தேகம் டைமிங் செயின் டென்ஷனர்மேல்தான்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது செயின். செயினின் தொய்வான பக்கத்தில், செயின் உரசி ஓட ஒரு கைடு இருக்கும். அதன் முதுகை டென்ஷனரின் பிளஞ்சர் (வெளியே நீளும் சிறு தண்டு) அழுத்திக்கொண்டே இருக்கும். பிளஞ்சருக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும், ஆயில் பம்பிலிருந்து வரும் ஆயிலும். வந்த ஆயில் திரும்பிப் போகாமல் தடுக்க உள்ளே ஒரு சின்னக் குண்டு வால்வு. அந்தக் குண்டு உட்காரும் இடத்தில் துளி கசடு ஒட்டினாலும் போதும், ராத்திரி ஆயில் கசிந்து இறங்கிவிடும். காலையில் பம்ப் மறுபடி நிரப்பும் வரை தொய்ந்த செயின் கைடிலும் கவரிலும் அடிபடுகிறது. தினமும் அடிவாங்கும் கைடின் பிளாஸ்டிக் தேய்ந்து, பிறகு துண்டு துண்டாக உடைந்து சம்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) விழும். அந்தத் துண்டுகள் பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் பிரஷர் இன்னும் குறையும். கோளாறு தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

உறுதி செய்துகொள்ள வண்டியைக் குறைந்தது 8 மணி நேரம் நிறுத்தி வையுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் சமதரையில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால், வளைவிலும் ஏற்றத்திலும் பம்ப் காற்றை உறிஞ்சும். நுரைத்த ஆயில் டென்ஷனருக்குள் போனால் பிளஞ்சர் விறைப்பாக நிற்காது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அளவு சரியாக இருந்தால், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டைமிங் கவரில் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொள்ளுங்கள். சட்டை, துப்பட்டா, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. இன்னொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். சத்தம் கவருக்குள்ளிருந்து ஒழுங்கில்லாமல் அடித்தால் செயின். சீராக, வேகத்தோடு கூடும் சத்தம் என்றால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆறிய இன்ஜினை 20 விநாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஆல்டர்நேட்டர் அல்லது ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கும் உருளை) பேரிங்தான் காரணம். செயினைத் தொட வேண்டாம்.

ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி0016 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) இருந்தால் கிராங்க்குக்கும் கேமுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். சென்சார், வயரிங் கோளாறிலும் அந்தக் கோடு வரும். ஆனால் காலைச் சத்தமும் சேர்ந்திருந்தால் செயின் நீண்டிருக்கிறது அல்லது ஒரு பல் தாண்டியிருக்கிறது. கோடு இல்லை, சத்தமும் இரண்டு விநாடிக்குள் நிற்கிறது என்றால் ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். சூடான பிறகும் ஐடிலிங்கில் கேட்டால் பெங்களூர், சென்னை என்று எடுக்காதீர்கள்.

ஆயிலை 20டபிள்யூ-50 ஆக மாற்றினால் சத்தம் அடங்கும் என்கிறார்கள். இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றலாமா?
- வாசகர், சத்துவாச்சாரி

இரண்டும் வேண்டாம். வேலூர் வெயிலுக்குக் கனமான ஆயில் என்ற கணக்கு, 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினுக்குப் பொருந்தாது. கனமான ஆயில் ஆறிய இன்ஜினில் டென்ஷனர்வரை போய்ச் சேரவே தாமதமாகும். சத்தத்தின் ஒலி வேண்டுமானால் சற்று அமுங்கும், அடிபடும் நேரம் கூடும். கசடைக் கரைக்க ஊற்றும் ஃப்ளஷ் திரவம், ஏற்கெனவே கசடு பிடித்த இன்ஜினில் கட்டிகளைப் பெயர்த்து ஸ்ட்ரெய்னரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே கறுப்பாகத் தார் படிந்திருந்தால் சம்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கையால் கழுவுவதே வேலை. காட்பாடிக்கும் தொரப்பாடிக்கும் இடையே நின்று நின்று ஓடும் வண்டியில், கையேடு 10,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும் 7,500-இல் அல்லது ஒரு வருடத்தில், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றுவது எங்கள் பழக்கம்.

டென்ஷனர் மட்டும் போட்டால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். முழு கிட் போட வேண்டும் என்கிறார் இன்னொருவர். செலவில் பெரிய வித்தியாசம். யார் சொல்வது சரி? வேலையைச் சரியாகச் செய்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், ஆம்பூர்

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் முழு கிட் சொல்பவர் பக்கம்தான் நாங்கள். செலவு பெரும்பாலும் பிரிப்பதற்கான கூலியில் இருக்கிறது. டென்ஷனருக்காகக் கவரைத் திறந்தாலும், கிட்டுக்காகத் திறந்தாலும் அதே கூலி. சில இன்ஜின்களில் மட்டும் டென்ஷனரை வெளியிலிருந்தே கழற்றலாம். அப்போதுகூட, வெளியே எடுத்த பிளஞ்சர் எவ்வளவு நீண்டிருந்தது, பிளஞ்சர் பின்வாங்காமல் தடுக்கும் ராட்செட் எத்தனையாவது பல்லில் நின்றது என்று பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவைத் தாண்டி நீண்டிருந்தால் செயின் முடிந்துவிட்டது, புது டென்ஷனர் அதைக் கொஞ்ச நாள் மறைக்கத்தான் செய்யும். செயின் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இணைப்பு ஊசியும் (பின்) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் மிகச் சிறிதளவு தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளின் தேய்மானம் சேரும்போது மொத்த நீளம் கூடிவிடுகிறது. தேய்ந்த செயினோடு ஓடிய ஸ்ப்ராக்கெட்டின் பற்களும் அதே அளவுக்குத் தேய்ந்திருக்கும், சைக்கிளில் பழைய பல் சக்கரத்தில் புதுச் செயின் மாட்டினால் துள்ளுவது போல.

ஆகவே கிட்டில் செயின், கிராங்க் ஸ்ப்ராக்கெட், கேம் ஸ்ப்ராக்கெட், டென்ஷனர், அசையும் கைடு, நிலையான கைடு எல்லாம் இருக்க வேண்டும். தனியாக வாங்க வேண்டியவை: முன் கிராங்க் ஆயில் சீல், கவர் கேஸ்கெட் அல்லது சீலன்ட், கிராங்க் புல்லி போல்ட், ஆயில், ஃபில்டர். புல்லி போல்ட் பல இன்ஜின்களில் ஒருமுறைதான் பயன்படும். டார்க் (குறித்த இறுக்க அளவு) வைத்த பிறகு குறிப்பிட்ட கோணத்துக்கு முறுக்குவதால் அது நீண்டுவிடும். கேம் ஸ்ப்ராக்கெட்டைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கட்டை (கீ) இல்லாத இன்ஜின்களும் உண்டு. அவற்றில் போல்ட்டின் இறுக்கம் மட்டுமே டைமிங்கைப் பிடித்து நிற்கிறது. கிராங்க்கையும் கேமையும் பூட்டும் லாக்கிங் டூல் இல்லாமல், பெயின்ட் புள்ளி வைத்துக் கழற்றும் பட்டறையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

புது டென்ஷனரில் பிளஞ்சரை அமுக்கிப் பிடிக்க ஒரு பின் குத்தியிருக்கும். டென்ஷனரை முழு டார்க்கில் இறுக்கி, கைடு, செயின் எல்லாம் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பின்னை உருவ வேண்டும். அவசரத்தில் முன்பே உருவினால் பிளஞ்சர் வெளியே பாய்ந்துவிடும். ராட்செட்டின் நாக்கை விலக்கி மெதுவாகத்தான் உள்ளே தள்ள வேண்டும். வைஸில் வைத்து நசுக்கியதை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பின்னை உருவியதும் செல்ஃப் அடிக்கக் கூடாது. லாக்கிங் டூல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஸ்பேனரால் கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பிறகு ஸ்ப்ராக்கெட் குறிகள் இடத்துக்கு வர வேண்டும், லாக்கிங் டூல் மறுபடி நுழைய வேண்டும். நிறம் பூசிய செயின் கண்ணிகள் மட்டும் குறிக்கு நேராக வராது. அவை முதல் பொருத்தலுக்கு மட்டுமே. மறுபடி நேராவதற்குப் பல சுற்றுகள் ஆகும். இது தெரியாமல் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

கவர் ஒட்டும் சீலன்டை 3 மில்லிமீட்டர் கோடாக இட்டால் போதும். விரல் தடிமனில் அப்பினால் உள்பக்கம் பிதுங்கியது கழன்று ஸ்ட்ரெய்னருக்குப் போகும். புது டென்ஷனர் போட்ட சில மாதங்களில் அதே சத்தம் திரும்பினால் இதையும் பாருங்கள். கடைசியாக, எரிபொருளைத் துண்டித்துவிட்டு 5 முதல் 10 விநாடியாக விட்டு விட்டு செல்ஃப் அடித்து, ஆயில் லைட் அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய பாகங்களையும் பார்ட் நம்பர் போட்ட பில்லையும் கேட்டு வாங்குங்கள். பழைய கைடு ஒரு துண்டு குறைந்து வந்தால், சம்பை இறக்கினார்களா என்று கேளுங்கள்.

ஏலகிரியில் மேல்நோக்கி ஏற்றத்தில் ஃபர்ஸ்ட் கியரில் நிறுத்தியிருந்தேன். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காமல் வண்டி சற்றுப் பின்னால் நகர்ந்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உதறுகிறது, செக் இன்ஜின் லைட்டும் எரிகிறது. சம்பந்தம் உண்டா?
- வாசகர், ஜோலார்பேட்டை

உண்டாக வாய்ப்பிருக்கிறது. ஃபர்ஸ்ட் கியரில் இருக்கும் வண்டி பின்னால் போனால் இன்ஜின் தலைகீழாகச் சுற்றும். அப்போது டென்ஷனர் இருக்கும் பக்கம்தான் இறுகும். நின்றுபோன இன்ஜினில் ஆயில் பிரஷர் இல்லாததால், ராட்செட் இல்லாத டென்ஷனரில் பிளஞ்சர் உள்ளே அமுங்கும், எதிர்ப்பக்கம் செயின் தொய்ந்து பல் தாண்டும். இனி ஸ்டார்ட் செய்யாமல், ஏற்றிச் செல்லும் வண்டியில் பட்டறைக்குக் கொண்டுபோய் முதலில் ஸ்கேனர் வைக்கச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் முகம் கீழ்நோக்கி ரிவர்ஸ் கியரில் நிறுத்தினாலும் இன்ஜின் தலைகீழாகத்தான் தள்ளப்படும். எனவே கியரை மாற்றிப் போடுவதால் தீர்வு இல்லை, வரிசைதான் முக்கியம். கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். கால் பிரேக்கை விட்டு, வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும். பிறகே கிளட்ச் மிதித்துக் கியர் போடுங்கள். சக்கரத்துக்கு ஒரு கல்.

பெல்ட் போல செயினையும் லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டுமா?
- வாசகர், ஆற்காடு

பெரும்பாலான செயின்களுக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. சத்தம், கோடு, பிளஞ்சர் நீளம் இவற்றை வைத்தே முடிவு. முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பாருங்கள். பழைய இன்னோவா 2.5 டீசலிலும் ஆல்டோ 800-இலும் பெல்ட், இன்னோவா கிரிஸ்டா டீசலில் செயின். பெல்ட்டுக்குக் கையேட்டில் உள்ள கெடுவைத் தாண்டாதீர்கள்.

வாலாஜா அருகே நெடுஞ்சாலையில் 'தட்' என்ற சத்தத்தோடு கார் நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்கிறார்கள்.
- வாசகர், ராணிப்பேட்டை

தள்ளவே கூடாது, செல்ஃபும் போதும். லேசாகச் சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் இல்லை, வால்வுகள் மூடவில்லை. செயின் அறுந்தாலோ பல பற்கள் தாண்டினாலோ, பெரும்பாலான இன்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதும். இனி அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் வளையாத வால்வையும் வளைக்கும். நியூட்ரலில் வைத்து, ஏற்றிச் செல்லும் வண்டிக்குச் சொல்லுங்கள்.

பட்டறையில் கவரைத் திறந்ததும் புதுச் செயின் மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். முதலில் டைமிங்கைச் சரியாக நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். இன்டேக் பக்கமோ சைலன்சர் பக்கமோ காற்று சீறினால் அந்த வால்வு வளைந்திருக்கிறது. சில இன்ஜின்களில் ராக்கர் முதலில் உடைந்து வால்வைக் காப்பாற்றிவிடும். அப்போது செலவு வெகுவாகக் குறையும். வால்வு வளைந்திருந்தால், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் இறங்கியே தீர வேண்டும். இறக்கிய பிறகு வால்வு கைடு விரிந்திருக்கிறதா, பிஸ்டன் தலையில் உள்ள தடம் வெறும் கீறலா, விரிசலா என்று பார்த்து, ஹெட்டின் அடிப்பரப்பு வளைந்திருந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டும். டீசலில் ஹெட் கேஸ்கெட் பல தடிமன்களில் வரும். பழைய கேஸ்கெட்டின் ஓரத்தில் உள்ள துளைகளை அல்லது வெட்டுகளை எண்ணி, பிஸ்டன் மேலே எழும் அளவையும் அளந்துதான் புதியதை வாங்க வேண்டும். மெல்லியதைப் போட்டுவிட்டால், செயின் சரியாக இருந்தாலும் வால்வு மறுபடி பிஸ்டனைத் தொடும்.