குழந்தை பிறந்தபின் தாயின் ஓயாத அழுகை: கதைத்தால் மாறுமா?

தம்பி, பிள்ளை பிறந்து ஆறு கிழமையாகியும் மனைவி நித்திரையில்லாமல் அழுகிறார், மாமி பிள்ளைப்பேற்றுக்குப் பின் கொடுக்கும் காயச் சரக்கைச் சரியாகக் குடிக்காததுதான் என்கிறார், வெறும் கதையால் என்ன மாறும் என்று கேட்டிருந்தீர்கள்.

மாறும். இது பிள்ளைப்பேற்றோடு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் மனச்சோர்வோடு இருந்த 903 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பிரிவினரோடு கதைத்தவர்கள் வைத்தியர்கள் இல்லை, வீடு வீடாக வரும் சுகாதாரப் பணிப்பெண்கள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மாரில் 23 வீதத்தினருக்கே சோர்வு நீடித்தது. இப்படிக் கதைக்காத மற்றப் பிரிவில் 53 வீதம். அந்தப் பணிப்பெண்கள் 'பிள்ளை அழுதால் நான் கூடாத தாய்' என்ற எண்ணத்தைப் பிடித்து, அது சரிதானா என்று சேர்ந்து பார்ப்பார்கள். வீட்டாரையும் சேர்த்துக்கொள்வார்கள், மாமி உட்பட!

என் மனைவி துடக்குக் கழித்த அன்று கிணற்றடியில் வெறும் வாளியோடு அரை மணித்தியாலம் நின்றார். களைப்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கப் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, கேட்டு நிரப்புவார். சாகவேண்டும் போலிருக்கிறது என்றோ, பிள்ளைக்கு ஏதும் செய்துவிடுவேன் என்றோ சொன்னால் அன்றே போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். இரவென்றால் இலங்கையின் மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926க்கு எடுக்கலாம்.