மே மாத வெயிலை நம்பி ஏரியில் இறங்கலாமா?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போன கோடையில் கயாக் (ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு) ஓட்டப் பழகினேன். இந்த முறை மே மாதமே ஒன்டாரியோ ஏரியில் இறங்க ஆசை. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. தண்ணீர் புகாத முழு உடையான டிரைசூட் ஆயிரம் டாலருக்கு மேல் சொல்கிறார்கள். மீன் பிடிப்பவர்கள் போடும் ரப்பர் கால்சட்டை, மேலே மழைக்கோட்டு, மணிக்கட்டில் டேப். இது போதாதா?"

போதாது. கவிழ்ந்தால் மழைக்கோட்டின் கழுத்து வழியாகவும் இடுப்பு வழியாகவும் தண்ணீர் புகுந்துவிடும். ரப்பர் கால்சட்டைக்குள் போன தண்ணீர் உங்களை அடியில் இழுக்காது. ஆனால் கயாக்கில் திரும்ப ஏறும்போது அத்தனை கனத்தையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

மே மாதத்தில் வெளியே 20 பாகை செல்சியஸ் அடித்தாலும் ஏரித் தண்ணீர் பெரும்பாலும் 10 பாகைக்குக் கீழேதான் இருக்கும். உடையைத் தண்ணீருக்குப் பார்த்துப் போடுங்கள், வெயிலுக்கு அல்ல. ஜூலையிலும் இதே கதை நடக்கலாம்: மேற்கு, வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் மேல்மட்டத்துச் சூடான நீர் கரையை விட்டு விலகி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறிவரும்.

விழுந்தவுடன் வரும் ஆபத்து உடல் விறைத்துப்போவது அல்ல, மூச்சு. குளிர் பட்டதும் உடம்பு தானாகவே 'ஹக்' என்று மூச்சை இழுக்கும். அந்த நேரம் முகம் நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கு இது: மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்தான், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தலையை மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட். அதனால் அது உடம்பில் மாட்டியிருக்க வேண்டும், கயாக்கில் கட்டியிருந்து பயனில்லை. வார்களை இறுக்கிவிட்டு, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு. டிரைசூட் மேல் போடும்போது வார்களை மறுபடி சரிசெய்யணும்.

டிரைசூட் தண்ணீரை வெளியே நிறுத்தும், அவ்வளவுதான். சூடு உள்ளே போடும் ஃபிளீஸிலிருந்து (செயற்கை இழைக் கம்பளி உடை) வருவது. பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தாலே குளிரும். ஜிப்பை மூடியதும் கழுத்து ரப்பரை விரலால் விலக்கிக் குந்தி உட்காருங்கள், உள்ளே மாட்டிய காற்று வெளியேறிவிடும்.

காசு கட்டுப்படியாகவில்லையா, பழைய டிரைசூட் வாங்குங்கள். கழுத்து, மணிக்கட்டு ரப்பர் பிசுபிசுத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ பயப்பட வேண்டாம், அதை மாற்றலாம். பெரிய செலவு ஜிப்தான். மெல்ல வளைத்து, பல் உடைந்திருக்கிறதா பாருங்கள். டிரைசூட்டை உள்புறம் வெளியே திருப்பி, கை, கால் பகுதிகளில் தண்ணீர் ஊற்றினால் ஓட்டை எங்கே என்று சொட்டுச் சொட்டாகத் தெரிந்துவிடும். புதிய ரப்பர் கழுத்தை நெரித்தால் உடனே கத்தரி எடுக்காதீர்கள். ஓர் இரவு பாத்திரத்தின் மேல் இழுத்து மாட்டி வையுங்கள். அப்படியும் இளகாவிட்டால் ஒரு வளையம் மட்டும், ஒரே சீராக வெட்டணும். விளிம்பில் சிறு பிசிறு விழுந்தாலும் அங்கிருந்தே கிழியும்.

உடம்போடு ஒட்டும், தண்ணீர் உள்ளே புகும் ரப்பர் உடையான வெட்சூட், 3 மில்லிமீட்டர் தடிப்பில் விலை குறைவு. ஆனால் அதை நம்பி மே மாதம் இறங்காதீர்கள். தண்ணீர் சூடேறும் வரை பொறுத்து, அப்புறம் கரையோரமாக ஓட்டுங்கள்.

வீட்டில் செய்ய ஆசையென்றால் இதற்குக் கை வையுங்கள்: தண்ணீர் இறைக்க, பிளாஸ்டிக் கேனை வெட்டிய வாளி. 750 மில்லிலிட்டராவது பிடிக்க வேண்டும், வாய் 65 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கனடாச் சட்டம் அதை ஏற்கிறது. உட்கார்ந்தபடி இறைக்கக் கை பம்ப்தான் வசதி என்பேன். மிதக்கும் எறிகயிறு 15 மீட்டர், ஒரு விசில் இரண்டும் கட்டாயம். விசிலை லைஃப் ஜாக்கெட்டிலேயே கட்டுங்கள். உள்ளே குண்டு இல்லாத வகை நல்லது, நனைந்தாலும் ஊதும்.