வைஃபை நாள் முழுக்க நன்றாக ஓடிவிட்டு, நடுநடுவே மட்டும் ஸ்லோ ஆவது ஏன்?

கேள்வியின் சுருக்கம் இது: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. பெரும்பாலான நேரம் தொந்தரவு இல்லை. தினமும் சில தடவை, சில நிமிடங்களுக்கு எல்லாமே சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. நெட் கம்பெனி ஆள் வந்து ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 95 காட்டுகிறது, அவர் போய்விடுகிறார். புது ரவுட்டர் வாங்கலாமா?

வாங்காதீர்கள், இப்போதைக்கு. அந்த ரீஸ்டார்ட்டையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ரீஸ்டார்ட் செய்யும்போது பல விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ரவுட்டர் சேனலை (வைஃபை பேசும் அலைவரிசைத் துண்டு) புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது, போன்கள் எல்லாம் விலகி மறுபடி சேர்கின்றன, யாரோ செய்துகொண்டிருந்த அப்லோடு பாதியில் அறுந்துபோகிறது, கம்பெனிப் பக்கமும் இணைப்பு புதிதாக உருவாகிறது. எதனால் சரியானது என்று அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்பீட் டெஸ்ட்டும் இங்கே அவ்வளவாக உதவாது. அது அந்தச் சில வினாடிகளில் குழாயின் அகலத்தைச் சொல்லும். நமக்கு வேண்டியது, அடைப்பு வரும் அந்த நிமிடத்தில் அடைப்பு எங்கே இருக்கிறது என்பது.

அதற்குக் காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. சார்ஜரில் போட்ட லேப்டாப் ஒன்றில் கமாண்ட் விண்டோ இரண்டு திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிங் என்பது ஒரு சின்னத் தகவல் துண்டை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று அளக்கும் கட்டளை. ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு நிற்காமல் பிங் ஓடட்டும் (பெரும்பாலும் 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). இன்னொன்றில் வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு ஓடட்டும். விண்டோஸில் கட்டளைக்குப் பின்னால் மைனஸ் டி சேர்த்தால் (ping 8.8.8.8 -t என்ற மாதிரி) நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். இதைப் போனில் செய்ய வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த போன் தன் ரேடியோவை அடிக்கடி தூங்கவைத்து, ரவுட்டர் சுமார் 100 மில்லி வினாடிக்கு ஒருமுறை அனுப்பும் அறிவிப்புக்கு மட்டும் எழுப்பும். எல்லாம் நன்றாக இருந்தாலும் பிங் 80, 120 என்று குதித்து உங்களைக் குழப்பும்.

இனி நெட் இழுக்கும்போது இந்த இரண்டு விண்டோவையும் பாருங்கள். ரவுட்டருக்கான பிங் 2, 3 மில்லி வினாடியில் அப்படியே இருந்து, வெளியே போகும் பிங் மட்டும் எகிறினால் வைஃபை மேல் தப்பில்லை. ரவுட்டருக்கான பிங்கே 200, 400, 'டைம்டு அவுட்' என்று தாறுமாறாகப் போனால் கோளாறு வீட்டுக்குள், காற்றில் இருக்கிறது. இது தெரியாமல் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டிருப்பது வெறும் நேர விரயம்.

முதல் வகையை என் அக்கா வீட்டில் பார்த்தேன். சாயங்காலம் ஏழரை மணி வாக்கில் நெட் படுத்துவிடும், அரைமணி நேரத்தில் தானாக எழுந்துவிடும். இரண்டு விண்டோவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடதுபக்கம் ரவுட்டர் 3, 2, 3 என்று சாதுவாக ஓடியது. வலதுபக்கம் 18-இல் இருந்த எண் 240 ஆகி, 600 ஆகி, 1100-ஐத் தாண்டியது. மாமா அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து போனைச் சோபா பக்கத்தில் சார்ஜில் போட்டிருந்தார். போட்டோ பேக்கப் ஆப்பில் 'சார்ஜ் ஆகும்போது மட்டும்' என்ற தேர்வு. அன்றைக்கு எடுத்த வீடியோ எல்லாம் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தது. "அது அப்லோடுதானே, டவுன்லோடு ஏன்டா நிக்குது?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி.

வலைப்பக்கம் ஒன்று இறங்க வேண்டும் என்றாலும் உங்கள் பக்கமிருந்து சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) மேலே போயாக வேண்டும்: தளத்தின் முகவரி எது என்ற டிஎன்எஸ் கேள்வி, 'வந்தது கிடைத்தது' என்ற ஒப்புகை. அவையும் வீடியோ நிற்கும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அவர்கள் பிளானில் அப்லோடு 8 எம்பிபிஎஸ். ரவுட்டருக்குள் 1 எம்பி அளவுக்குப் பாக்கெட்டுகள் தேங்கினால், அது காலியாக முழுசாக 1 வினாடி ஆகும். பின்னால் வரும் ஒவ்வொன்றுக்கும் அந்த 1 வினாடி காத்திருப்பு நிச்சயம். இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர். பாக்கெட்டைக் கீழே போடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ரவுட்டருக்குள் நினைவகத்தை அள்ளிக் கொடுத்ததன் பலன்.

அதற்கு மருந்தும் இருக்கிறது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் (பிரவுசரில் அதன் முகவரியை அடித்தால் வரும்) 'க்யூஓஎஸ்', 'பேண்ட்விட்த் கன்ட்ரோல்', 'எஸ்க்யூஎம்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதில் அப்லோடு வேகத்தை உண்மையில் கிடைப்பதைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்து வையுங்கள். வரிசை அப்போது நம் கட்டுப்பாட்டிலேயே நிற்கும். எஃப்க்யூ கோடல் என்ற முறை இருக்கும் ரவுட்டராக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை போட்டு, சின்னப் பாக்கெட்டை முன்னால் விட்டுவிடும். 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவே வந்த முறை இது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் கிடைக்கும். கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் பெட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது. அக்கா வீட்டில் இருந்ததும் அப்படிப்பட்ட பெட்டிதான். பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றிவிட்டு வந்தேன்.

வீட்டில் யாரும் எதையும் ஏற்றாத நேரத்திலும், ராத்திரி எட்டிலிருந்து பதினொன்றுக்குள் வெளி பிங் மட்டும் கெடுகிறது என்றால் நெரிசல் கம்பெனிப் பக்கம். ஜிபான் என்ற, ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஃபைபரில் 2.5 கிகாபிட் சொச்சத்தை 32 அல்லது 64 வீடுகள் பங்குபோடுகின்றன. ஆனால் பெரும்பாலும் இடிப்பது அங்கே இல்லை, உள்ளூர் ஆப்பரேட்டர் மேலே வாங்கிவைத்திருக்கும் பேண்ட்விட்த் போதாததுதான் என்பது என் அபிப்பிராயம். இரண்டு விண்டோவும் கடிகாரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். "நெட் ஸ்லோவா இருக்கு" என்ற புகாரைவிட இதற்குச் சீக்கிரம் பதில் வரும்.

சரி, ரவுட்டருக்கான பிங்கே கெட்டால்? லேன் கேபிளைச் சொருகி அதே சோதனையைச் செய்யுங்கள். கேபிளிலும் கெட்டால் ரவுட்டரே திணறுகிறது. அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் 'அப்டைம்' (நிற்காமல் ஓடிய நேரம்) எவ்வளவு என்று பாருங்கள். நீங்கள் தொடாமலேயே 'இரண்டு மணி நேரம்' என்று காட்டினால் அது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பழைய 12 வோல்ட் அடாப்டர், டிவி கேபினட்டுக்குள் வெயில்காலச் சூடு, இந்த இரண்டையும் முதலில் சந்தேகப்படுவேன்.

கேபிளில் சுத்தமாக இருந்து காற்றில் மட்டும் கெட்டால், அடுத்து ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே சரியாகிவிட்டால் தூரமும் சுவரும்தான் காரணம். சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தின் அளவு) கீழே, அதாவது மைனஸ் 70, 75 என்று போனால் வீடியோ கால் தடுமாற ஆரம்பிக்கும். நம் ஊரில் ரவுட்டரைக் கேபிள் நுழைகிற இடத்தில், வாசல் கதவுக்கு மேலேயோ இரும்பு பீரோவுக்குப் பின்னாலேயோ மாட்டிவிட்டுப் போவார்கள். அதை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவருவதில் கிடைக்கும் லாபம் எந்தச் செட்டிங்கிலும் கிடைக்காது.

பக்கத்திலேயே உட்கார்ந்தும் கெட்டால் காற்றில் நெரிசல். வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அப்பார்ட்மென்ட்டில் ஆப் போட்டுப் பார்த்துவிட்டு "3 காலியாக இருக்கிறது" என்று அதில் போய் உட்காருகிறார்கள். அதைவிட, கூட்டமாக இருந்தாலும் 6-ஆம் சேனலே நல்லது. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டு, முறை வைத்துப் பேசும். பாதி மட்டும் உரசும் சேனலில் அந்தப் பேச்சு வெறும் இரைச்சலாக விழும். 2.4-இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 வேண்டாம்.

இன்னொரு திருடனைப் பலர் கவனிப்பதில்லை. கடைசி அறையில் பலவீனமான சிக்னலில் கிடக்கும் பழைய போன். 1500 பைட் பாக்கெட் ஒன்றை 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப 12 மில்லி வினாடி ஆகும். அது பேசி முடிக்கும்வரை அதே சேனலில் இருக்கும் மற்ற எல்லாரும் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும், உங்கள் லேப்டாப் 300 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருந்தாலும். அந்தப் போனை ஒருநாள் அணைத்துவைத்துப் பாருங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் வாக்கில்தான் வேலை செய்கிறது. பிங் ஓடும்போது ஒரு கிண்ணம் தண்ணீரைச் சூடாக்கினால் தெரிந்துவிடும். ரவுட்டரின் பின்னால் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் சொருகியிருந்தால் கழற்றுங்கள். அது 2.4-இல் இரைச்சலைக் கொட்டும் என்று இன்டெல் 2012-லேயே அளந்து எழுதியிருக்கிறது.

இதற்கெல்லாம் சுலபமான வழி 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது. அதிலும் 36 முதல் 48 வரை ஏதாவது ஒரு சேனலை நீங்களே வைத்துவிடுங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ராடார் மாதிரி எதையாவது கேட்டால் ரவுட்டர் உடனே வெளியேறியாக வேண்டும், அரைமணி நேரம் திரும்பி வரக் கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் போன்கள் 2.4-க்குத் தாவி, பிறகு அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

கம்பெனி கொடுத்த பெட்டியில் 2.4 மட்டும்தான் என்றால், அப்போது டூயல் பேண்ட் (2.4, 5 இரண்டிலும் ஓடும்) ரவுட்டர் வாங்குங்கள். எக்ஸ்டெண்டர் (வைஃபை சிக்னலைக் காற்றிலேயே வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) வாங்க வேண்டாம். வாங்கும் ரவுட்டரைப் பழைய பெட்டியிலிருந்து தனியாக ஒரு கேபிள் இழுத்து வீட்டின் நடுவில் வையுங்கள், 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் (வைஃபை மட்டும் கொடுக்கும் வேலை) ஓடவிடுங்கள். பழைய பெட்டியின் வைஃபையை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் போன்கள் அதையேதான் பிடித்துக்கொண்டிருக்கும்.