மேரக்காய்ப் பந்தலை ஏன் பிரிக்கிறீர்கள், டீச்சர்?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு நர்சரியில் ஹைட்ரேஞ்சியா, டபுள் டேலியா, ஜெரேனியம் வாங்கி நட்டேன். பூத்துக் குலுங்குகின்றன, ஆனால் தேனீ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பழைய மேரக்காய் (சௌசௌ) பந்தலைப் பிரித்துவிட்டு லாவெண்டரும் குறிஞ்சியும் வைக்கலாமா? வேறு என்ன செடி வைக்கலாம்? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: டீச்சர், முதலில் அந்தப் பந்தலில் கை வைக்காதீர்கள். நாளைக்கு வெயில் ஏறியதும் அதன் கீழே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இலை மறைவில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளிறிய பச்சையில் பூ இருக்கும். அதைப் பூ என்றே நாம் கணக்கில் எடுப்பதில்லை, தேனீ எடுக்கிறது. மேரக்காயில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. யாராவது மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். அதற்குக் கூலியாகச் செடி தாராளமாகவே தேன் வைக்கிறது.

நர்சரிப் பூக்களின் கதை வேறு. டபுள் டேலியா ஒன்றைப் பறித்து ஒவ்வொரு இதழாகப் பிரியுங்கள். கடைசி வரை இதழ்தான் வரும். மகரந்தம் தரும் மஞ்சள் குட்டிப்பூக்கள் இருக்க வேண்டிய நடுப்பகுதியும் இதழாகிப் போயிருக்கும். பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவில் பெரும்பாலும் மலட்டுப் பூ. பார்க்க அழகு, பந்தியில் ஒன்றும் இல்லை. பிடுங்கிப் போட வேண்டாம், அது உங்கள் கண்ணுக்கு இருக்கட்டும். டேலியா, செண்டுமல்லி எதுவானாலும் இனி ஒற்றை அடுக்கு வகையாகக் கேட்டு வாங்குங்கள். நிறத்தையும் கவனியுங்கள்: தேனீக்குச் சிவப்பு தெரியாது. நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை நன்றாகத் தெரியும். சிவப்பு சால்வியா தேன்சிட்டுக்கு, நீல சால்வியா தேனீக்கு.

எந்தச் செடி என்பதைவிட எந்த மாதத்தில் பூக்கும் செடி என்பதுதான் முக்கியம். கோடையில் தேனீக்கு நம் தயவு தேவையில்லை. எஸ்டேட் சில்வர் ஓக்கும் நாவலும் பார்த்துக்கொள்ளும். பட்டினி மழைக்காலத்தில்தான். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மேலே பார்த்து விரிந்த பூவில் மழை விழுந்தால் தேன் நீர்த்துப்போகும், மகரந்தம் நனைந்து வீணாகும். மழை விட்ட அரைமணி நேரத்தில் தேனீயால் வெகுதூரம் போகவும் முடியாது. அதனால் குடை உள்ள பூவாகப் பார்த்து வையுங்கள். நீல சால்வியாவின் மேல் உதடு கூரை மாதிரி கவிந்திருக்கும். போரேஜ் என்கிற மூலிகைச் செடியின் நீலப் பூ தலைகீழாகத் தொங்கும், உறிஞ்சிய தேனைச் சீக்கிரமே மறுபடி சுரக்கும். ஆகஸ்டில் விதைத்தால் ஐப்பசி அடைமழைக்குப் பூத்து நிற்கும்.

அப்புறம், வகைக்கு ஒன்றாகப் பத்துச் செடி நடாதீர்கள். தேனீ ஒரு நடைக்குக் கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் தேடிப்போகும். ஒவ்வொன்றையும் பாய் விரித்த அளவுக்காவது கூட்டமாக வையுங்கள். செலவில்லாத வழியும் உண்டு: கொத்தமல்லி, முள்ளங்கி, கடுகு, புதினாவில் கொஞ்சத்தைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். பக்கத்து வீட்டார் சோம்பேறித்தனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

லாவெண்டர் நம் மழையிலும் மூடுபனியிலும் வேர் அழுகிப் போகிற செடி. ஆசையாக இருந்தால் தொட்டியில், மழை படாத இடத்தில் வையுங்கள். தரையில் வைக்க ரோஸ்மேரி மேல், அதற்கும் தண்ணீர் தேங்காத மேட்டுப் பாத்தி வேண்டும். நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030. நடுவில் பதினொரு வருடம் தேனீ என்ன செய்யும்? அது மலைச்சரிவிலேயே இருக்கட்டும். உண்ணிச்செடியும் கோர்ஸ் என்கிற மஞ்சள் பூ முட்புதரும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, தோட்டத்தைத் தாண்டிக் காட்டையும் புல்வெளியையும் பிடித்தவை அவை.

நர்சரியில் வாங்கும்போது என்ன மருந்து ஊற்றினார்கள் என்று கேளுங்கள். இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் வேர் வழியாக ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும். விதையிலிருந்தோ, தெரிந்தவர் வீட்டுக் குச்சியிலிருந்தோ வளர்த்தால் அந்தப் பயம் இல்லை. பக்கத்தில் தேயிலைக்கு மருந்து அடிப்பவர்களிடம், தேனீ கூடு திரும்பிய பிறகு சாயங்காலம் அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஐந்து சென்டையும் செடியால் நிரப்பிவிடாமல், வெயில் படும் மூலையில் கொஞ்சம் வெறும் மண் விடுங்கள். தேனீ எல்லாமே கூட்டமாகக் கூடு கட்டுவதில்லை. மண்ணில் பொந்து போட்டுத் தனியாக வாழும் வகைகளும் உண்டு. அவற்றில் சில, தக்காளிப் பூவை இறுக்கிப் பிடித்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது.