விபத்துக் காயங்களில் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை: கேள்வி பதில்

கேள்வி: இரத்தத்தில் ஆக்சிஜன் 98 விழுக்காடு இருக்கும்போது அழுத்த அறையில் வைத்து மேலும் கொடுப்பதால் என்ன பயன், ஐயா?

பதில்: அந்த 98 விழுக்காடு, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிஜனை மட்டுமே குறிக்கிறது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கையில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.3 மில்லிலிட்டர் ஆக்சிஜனே கரைந்திருக்கும். மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது ஏறத்தாழ 6 மில்லிலிட்டராகிறது. சிவப்பணுக்கள் நுழைய முடியாத அளவுக்கு நசுங்கிய நுண்குழாய்களின் வழியாகவும், ஆக்சிஜன் கரைந்துள்ள இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து செல்லும் என்பதால், விபத்துக் காயங்களில் இந்த வேறுபாடு பெரிது.

கேள்வி: என் தம்பியின் கால் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிவிட்டது. இச்சிகிச்சையால் அறுவையைத் தவிர்க்க முடியுமா?

பதில்: முடியாது. கிழிந்த இரத்தக்குழாயைத் தைப்பது, எலும்பை நிலைநிறுத்துவது, இறந்த திசுவை வெட்டி நீக்குவது ஆகியவை அறுவை மருத்துவரின் வேலை. தசைகளுக்குள் அழுத்தம் ஏறிவிட்டால் தசையுறையை உடனே கீறித் திறக்க வேண்டுமேயன்றி, அழுத்த அறைக்காக ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அறை உதவுவது, பிழைக்குமா மடியுமா என்ற நிலையில் ஊசலாடும் திசுவுக்குத்தான். மிகுந்த ஆக்சிஜன் இரத்தக்குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கிறது. அப்போதும் திசுவுக்குச் சேரும் ஆக்சிஜன் குறைவதில்லை. 1996இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், நசுங்கற் காயமடைந்த 36 பேரில் பாதிப்பேருக்கு 2.5 மடங்கு அழுத்தத்தில், 90 நிமிடம், நாளுக்கு இருமுறை, ஆறு நாள்கள் இதை அளித்தார்கள். அவர்களில் 18க்கு 17 பேருக்கும், ஒப்பீட்டுக்காகப் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 18க்கு 10 பேருக்கும் காயம் முழுமையாக ஆறியது. எண்ணிக்கை சிறியது என்பதால் இதை உறுதிமொழியாகக் கொள்ளாதீர்கள். ஆனால் தொடங்குவதானால் அறுவை முடிந்த முதல் நாளிலேயே தொடங்குவதுதான் பொருளுள்ளது என்பது என் கருத்து.

கேள்வி: வாயு அழுகல் நோய்க்கு?

பதில்: இது காயத்தில் குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகித் திசுவை அழுகச் செய்யும் நோய். அக்கிருமி தன் நச்சைச் சுரப்பதை உயர் ஆக்சிஜன் தடுக்கிறது. அறுவையும் நுண்ணுயிர்க்கொல்லியும் முதலில். அறை அவற்றுக்குத் துணை.

கேள்வி: யாருக்கு ஆபத்து?

பதில்: நுரையீரல் உறையில் காற்றுத் தேங்கியிருந்தால், அது வடிக்கப்படும்வரை ஒருவரை அறைக்குள் அனுப்பவே கூடாது, விலா முறிந்தவர்களிடம் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். காதுவலி பரவலான தொல்லை, வலிப்பு அரிது.

கேள்வி: வீட்டில் வைக்கும், காற்றடைத்த மென்கூடார அழுத்த அறை போதாதா, மருத்துவரே?

பதில்: அவை பெரும்பாலும் 1.3 மடங்கு அழுத்தத்தையே தருகின்றன. நசுங்கிய காலுக்கு அது போதாது.