வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் குவாரிக்குச் சம்மதமா?

தென்னாப்பிரிக்காவின் வெருலம் பக்கம் கரும்புக்காட்டை ஒட்டி வசிக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் கல்குவாரி வரப்போவதாக வேலியில் பலகை மாட்டியிருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஒருவர் வந்து, நான் சம்மதித்துவிட்டதாகவும், ஆட்சேபம் எழுதித்தர 2,000 ராண்ட் ஆகும் என்றும் சொல்கிறார். தோண்டி முடித்ததும் குழியை மூடி நிலத்தைத் திருப்பித் தருவார்களாம். நம்பலாமா?"

அம்மா, முதலில் அந்த ஆளுக்கு ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் போட்டது வருகைக் கையெழுத்து. கூட்டத்துக்கு வந்தீர்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஆட்சேபம் எழுத யாருக்கும் கட்டணம் கிடையாது. பலகையில், குவாரியின் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆய்வு செய்து அறிக்கை எழுதும் ஆலோசகரின் மின்னஞ்சல் இருக்கும். உங்கள் பெயர், முகவரி, கவலை மூன்றையும் எழுதி, "என்னைப் பாதிக்கப்படுவோர் பட்டியலில் சேருங்கள்" என்று கேளுங்கள். தமிழில் யோசித்து, பேரப்பிள்ளையை விட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாலும் போதும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் குவாரிக்கு ஒப்புதல் உண்டா இல்லையா என்ற முடிவு உங்களுக்கு வந்து சேரும். அதை அனுப்பிய நாளிலிருந்து 20 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

ஆலோசகரின் வரைவு அறிக்கைக்குக் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரையிலான நாட்கள் கணக்கில் சேராது. டிசம்பர் 10 அன்று அறிக்கை வந்து, 30 நாள் ஜனவரி 9 அன்று முடிந்தது என்று சொன்னால் தவறு. இடையிலுள்ள 22 நாளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். ஊரே விடுமுறையில் இருக்கும்போது அறிவிப்பு வைப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, குழியை மூடும் வாக்குறுதி. வாயால் சொன்னதை விடுங்கள், அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்மண்ணை எங்கே, எவ்வளவு உயரத்தில் குவிப்பார்கள்? ஒரு குவாரியில் அந்தக் குவியலைக் கையால் அள்ளிப் பார்த்தேன். விரலிடுக்கில் நின்றது கல்தூள். குவியலின் மேலெல்லாம் உண்ணிச்செடி. அந்த மண்ணைப் பரப்பினால் புல் முளைக்காது. மேல்மண்ணைத் தனியாக, தாழ்வாகக் குவிக்க வேண்டும். அப்புறம் பணம். நிலத்தைச் சீர்செய்ய ஆகும் தொகையை அனுமதி கிடைக்கும் முன்பே சட்டப்படி ஒதுக்கியாக வேண்டும். "எவ்வளவு, எந்த வடிவில், யார் கணக்கிட்டது?" என்று எழுத்தில் கேளுங்கள். கேள்வியும் பதிலும் அறிக்கையோடு சேர்ந்தே, முடிவெடுக்கும் கனிமவளத் துறைக்குப் போகும்.

இன்னொரு பொறி. 5 ஹெக்டேருக்கு மேற்படாத இடத்துக்கு 2 ஆண்டு அனுமதி கிடைக்கும், ஓராண்டு வீதம் மூன்று முறை நீட்டிக்கலாம். இதற்கு ஆய்வு சுருக்கமானதுதான். அதனால் சிலர் மேட்டைத் துண்டு துண்டாக்கி வேறுவேறு பெயர்களில் விண்ணப்பம் போடுகிறார்கள். பக்கத்து வேலியில் வேறு பலகை இருக்கிறதா, நடந்துபோய்ப் பாருங்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். 2014 டிசம்பரிலிருந்து குவாரிக்கான சுற்றுச்சூழல் ஒப்புதலைத் தருவதும் கனிமவளத் துறையே. தோண்டச் சொல்வதும் அவர்கள், தோண்டலாமா என்று தீர்ப்பதும் அவர்கள். ஆலோசகர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவருக்குச் சம்பளம் தருவதோ குவாரிக்காரர். இருந்தாலும் நகராட்சியின் நில வகைப்பாட்டைத் தாண்டிக் குவாரி நடத்த முடியாது. 2012இல் அரசமைப்பு நீதிமன்றம் கேப் டவுன் மணல் வழக்கில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எதிர்ப்பை நகராட்சிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

வெடி வைக்கும் முன்பே வீட்டுச் சுவரிலுள்ள விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கரும்புக்குள் நம் முன்னோர் கல்லறைகள் இருந்தால் அவற்றையும் எடுங்கள். 60 ஆண்டுக்கு மேற்பட்டவற்றை மரபுரிமை அமைப்பின் அனுமதியில்லாமல் தொட முடியாது. படங்களை ஆட்சேபக் கடிதத்தோடு சேர்த்து இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.