மேல் மாடல் ஃபர்ம்வேரைப் போட்டால் பழைய கேமரா 120 ஃப்ரேம் எடுக்குமா?

கேள்வி: நான்கு வருடமாக ஒரு சினிமா கேமரா வைத்திருக்கிறேன். 4கே-யில் நொடிக்கு 60 ஃப்ரேம் வரை எடுக்கும். உள்ளே 10 பிட் நிற நுணுக்கத்தில் பதியும். எனக்கு 4கே-யில் 120 ஃப்ரேம் வேண்டும், கேமராவுக்குள்ளேயே ரா பதிவும் (கேமரா பிடித்ததைப் பதப்படுத்தாமல் பதிவது) வேண்டும். பழைய கேமரா வாங்கி விற்கும் ஒருவர், "மேல் மாடலின் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளை, போட்டால் இரண்டும் திறந்துவிடும், டைனமிக் ரேஞ்சும் (இருட்டு, வெளிச்சம் இரண்டையும் ஒரே ஷாட்டில் பிடிக்கும் திறன்) இரண்டு ஸ்டாப் ஏறும்" என்கிறார். பாதிப் பணத்தை முன்பே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கேமராவையும் அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஃபர்ம்வேரால் கேமராவின் திறன் கூடியதற்கு நிஜமான உதாரணங்கள் உண்டு. 2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2, வீடியோவில் நொடிக்கு 30 ஃப்ரேம் மட்டுமே தந்தது. 2010-ல் ஒரு அப்டேட்டில் 24, 25 ஃப்ரேம் வந்தன. 2020-ல் வந்த கேனான் சி70-க்கு 2022-ல் உள்ளேயே ரா பதியும் வசதி கிடைத்தது. நிக்கான் இசட்9-க்கும் அதே 2022-ல் 8கே-யில் 60 ஃப்ரேம் ரா வந்தது. மூன்றையும் கம்பெனியே வெளியிட்டது, யாரும் தனியாகக் காசு கொடுக்கவில்லை.

இந்த மூன்றிலும் ஒளியைப் பிடிக்கும் சென்சாரும் அதைப் படமாக்கும் பிராசசரும் அந்த வேலைக்கு முதல் நாளிலிருந்தே தெம்பாக இருந்தன. மென்பொருள் எழுதி முடியாமல் இருந்திருக்கும், அல்லது கம்பெனி மனது வைக்காமல் இருந்திருக்கும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆகவே உங்கள் கேமராவின் சட்டியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் 120 ஃப்ரேம். சென்சார் ஒரு ஃப்ரேமை ஒரே கணத்தில் படித்துவிடுவதில்லை, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஒரு முழு ஃப்ரேமைப் படிக்க 16 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால், நொடிக்கு 60 ஃப்ரேமுக்குச் சற்று மேல் அதனால் போக முடியாது. 120 வேண்டுமென்றால் படித்து முடிக்க 8.3 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகக்கூடாது. எவ்வளவு வேகமாகப் படிக்கலாம் என்பது சென்சார் சில்லைச் செய்தபோதே முடிவான விஷயம். கார்டில் போட்டுக்கொண்டு போகும் எந்த ஃபைலும் அந்த வேகத்தைக் கூட்டாது. வழக்கமான வழி, படிக்க வேண்டிய வரிசைகளைக் குறைப்பது. அதாவது சென்சாரின் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் படிப்பது; இதுதான் கிராப். சோனி எஃப்எக்ஸ்9-இல் நடந்தது இதுதான். முழு அகலத்தில் 6கே-யாகப் படித்தால் 30 ஃப்ரேம். பிறகு ஃபர்ம்வேரில் வந்த 5கே கிராப்பில் 60 ஃப்ரேம். நல்ல வசதிதான். ஆனால் லென்ஸின் பார்வை குறுகிவிடும் என்பதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள்.

உங்கள் சென்சார் எவ்வளவு நேரத்தில் படிக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். நொடிக்கு 500 முறை துடிக்கும் எல்இடி விளக்கு ஒன்று வேண்டும். லென்ஸைக் கழற்றிவிட்டு, ஷட்டர் நேரத்தை முடிந்தவரை குறைத்து, அந்த வெளிச்சம் சென்சார் முழுக்கப் படும்படி ஒரு ஷாட் எடுங்கள். ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தால் இருட்டும் வெளிச்சமுமாகக் குறுக்குப் பட்டைகள் தெரியும். ஒரு இருட்டுப் பட்டையும் ஒரு வெளிச்சப் பட்டையும் சேர்ந்தால் 2 மில்லிசெகண்ட். மேலிருந்து கீழ்வரை எட்டு ஜோடி இருந்தால் 16 மில்லிசெகண்ட். அப்படி வந்தால் முழு அகலத்தில் 120 ஃப்ரேம் என்ற பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணைக் கேமரா வாங்குபவர் விளக்கை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டியிருப்பதே எனக்குப் பொறுக்கவில்லை. கம்பெனிகளுக்கு இது தெரியும். ஸ்பெக் ஷீட்டில் கேமராவின் எடையை கிராம் சுத்தமாக அச்சிடுகிறார்கள், கைப்பிடித் திருகின் அளவைக்கூடப் போடுகிறார்கள், சென்சார் படிக்கும் நேரத்தை மட்டும் போடுவதில்லை. அந்த ஒரு வரி இருந்தால் இந்தத் தரகு வியாபாரம் பாதி படுத்துவிடும்.

அடுத்தது ரா. இதில் கணக்கு எளிது. 4கே-யில் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 12 பிட் என்று வைத்தால், சுருக்காத ரா நொடிக்கு 24 ஃப்ரேமில் ஏறத்தாழ 300 மெகாபைட், 120 ஃப்ரேமில் ஏறத்தாழ 1,500 மெகாபைட். இப்போது கார்டைப் பாருங்கள். வி90 என்று அச்சிட்ட எஸ்டி கார்டு உத்தரவாதம் தரும் குறைந்தபட்ச எழுதும் வேகம் நொடிக்கு 90 மெகாபைட். சிஃபாஸ்ட் 2.0 கார்டின் இணைப்பே 600 மெகாபைட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே ராவைச் சுருக்கித்தான் பதிய வேண்டும். சுருக்குவதற்குப் பிராசசரில் இடம் வேண்டும், அதில் எழும் சூட்டை வெளியேற்ற வழி வேண்டும். இதற்கு மேல் காப்புரிமைச் சண்டை வேறு. கேமராவுக்குள் ராவைச் சுருக்கிப் பதிவது தன் காப்புரிமை என்று ரெட் என்ற கேமரா கம்பெனி 2022-ல் நிக்கான் மேல் வழக்குப் போட்டது. 2023-ல் வழக்கு முடிவுக்கு வந்தது, 2024-ல் நிக்கான் ரெட்டையே வாங்கிவிட்டது. இயந்திரத்தால் முடிகிற ஒரு வசதி வக்கீல் மேசையிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

உங்கள் கேமரா வெளி ரெக்கார்டருக்கு ரா அனுப்புகிறதா என்று மெனுவில் பாருங்கள். அனுப்பினால், சென்சாரிலிருந்து ரா வெளியே வருகிறது என்று அர்த்தம். ஒருநாள் கம்பெனி உள்பதிவையும் தரலாம், தராமலும் போகலாம். ரா உண்மையிலேயே தேவை என்றால் அந்த ரெக்கார்டரை வாங்குவதுதான் நேர்வழி.

டைனமிக் ரேஞ்ச் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, ஏறும் என்பது சுத்தப் பொய். ஒரு பிக்சல் எவ்வளவு ஒளியைத் தாங்கும், இருட்டில் எவ்வளவு நாய்ஸ் கலக்கும் என்பவை சிலிக்கானோடு வந்தவை. புதிய லாக் வளைவு (வெளிச்ச அளவுகளை அடக்கிப் பதியும் முறை) ஒன்றைச் சேர்த்தால், முன்பு வெட்டுப்பட்டுப் போன ஹைலைட் கொஞ்சம் மிஞ்சலாம். அதோடு சரி. பானாசோனிக் ஜிஎச்4-க்கு 2015-ல் வி-லாக் எல் என்ற லாக் வளைவு கட்டண அப்கிரேடாக வந்தது. ஆனால் அந்தக் கேமரா உள்ளே பதிவது 8 பிட்தான், 10 பிட் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ வழியாக வெளியே எடுக்க வேண்டும். உள்ளேயே லாகில் எடுத்தவர்கள் கிரேடிங்கில், அதாவது பின்னால் நிறம் திருத்தும்போது, வானத்தை இழுத்துப் பார்த்தபோது பட்டை பட்டையாக உடைந்தது.

அப்புறம், அந்தத் தரகர் கட்டாயம் சோனி எஃப்5 கதையைச் சொல்வார், அல்லது ஏற்கனவே சொல்லியிருப்பார். "எஃப்5-ஐ ஒரு ஃபைல் மாற்றி எஃப்55 ஆக்கினார்கள், தெரியுமா?" என்று. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறார்கள்.

எஃப்5, எஃப்55 இரண்டும் 2012-ல் அறிவிக்கப்பட்ட அண்ணன் தம்பி கேமராக்கள். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எஃப்55 உள்ளேயே 4கே பதியும்; எஃப்5 பதியாது. ஆனால் பின்னால் ரா ரெக்கார்டரை மாட்டினால் எஃப்5-லும் 4கே ரா வரும். அதாவது சென்சார் 4கே தருகிறது என்பது முதலிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். 2014-ல் சிலர், கேமராவின் செட்டிங்குகளைக் கார்டில் சேமித்து வைக்கும் ஃபைலைத் திறந்து ஒரு மதிப்பை மாற்றி மீண்டும் ஏற்றிப் பார்த்தார்கள். எஃப்5 உள்ளேயே 4கே பதிந்தது. உண்மைதான். பிறகு அதே வசதியைச் சோனியே கட்டண அப்கிரேடாக விற்றது.

தரகர் இங்கே நிறுத்திவிடுவார். எஃப்55-இல் இருப்பது குளோபல் ஷட்டர்: எல்லா வரிசைகளும் ஒரே கணத்தில் ஒளியைப் பிடிக்கும், வேகமாகக் கேமராவைத் திருப்பினாலும் கம்பம் சாயாது. எஃப்5-இல் ரோலிங் ஷட்டர், வரிசை வரிசையாகத்தான் பிடிக்கும். எஃப்55 சென்சாரின் மேல் பூசிய கலர் ஃபில்டரும் வேறு, அது பிடிக்கும் நிறங்களின் வீச்சு அதிகம். அந்த ஃபைலை மாற்றிய பிறகும் எஃப்5-இல் கம்பம் சாய்ந்துகொண்டுதான் இருந்தது, நிறமும் எஃப்5 நிறமாகவே இருந்தது. மென்பொருளால் அடைத்து வைத்தது திறந்தது, சென்சாரில் இல்லாதது வரவில்லை. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே யாரும் மேல் மாடலின் ஃபர்ம்வேரைக் கீழ் மாடலில் ஏற்றவில்லை, அந்தக் கேமராவின் சொந்த செட்டிங் ஃபைலைத்தான் தொட்டார்கள். உங்கள் ஆள் செய்யப்போவதாகச் சொல்வது வேறு வேலை. வேறு மாடலின் ஃபர்ம்வேரைக் கேமரா ஏற்காது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் மறுபடி எழாமல் போகலாம். அந்தச் சென்சாருக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதி வைத்த திருத்தங்கள் அழிந்தால் சர்வீஸ் சென்டரில்கூடக் கைவிரித்துவிடுவார்கள்.

இந்தத் தொழிலில் நான் பார்க்கும் தில்லுமுல்லுகள் பெரும்பாலும் இப்படி: கம்பெனி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டுக் காசு வாங்குவது. சில நாள் மட்டும் செல்லும் தற்காலிக லைசென்ஸைப் போட்டுக் காட்டி நிரந்தரம் என்று விற்பது. அல்லது 120 என்று மெனுவில் காட்டிவிட்டு, உள்ளே 2கே-யாகப் படித்து 4கே-யாகப் பெரிதாக்குவது. மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். நெருக்கமாக நெய்த துணி ஒன்றைத் தொங்கவிட்டு, கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, 24 ஃப்ரேமில் ஒரு ஷாட், 120-ல் ஒரு ஷாட் எடுங்கள். ஃப்ரேமின் ஓரம் உள்ளே வந்தால் கிராப். ஓரம் அப்படியே இருந்து துணியின் இழை மட்டும் குழைந்தால், அது 4கே என்ற பெயரில் வேறு ஏதோ.

கட்டண அப்கிரேடு என்றாலே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். ஆரி அலெக்சா மினியில் உள்ளே ஆரி ரா பதியவும், சென்சாரின் 4:3 பரப்பைப் பயன்படுத்தவும் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. அதைக் கம்பெனியே கேமராவின் சீரியல் நம்பரோடு கட்டித் தந்தது. ஒரு கேமராவின் கீ இன்னொன்றில் வேலை செய்யாது. ஆகவே யாராவது லைசென்ஸ் தருகிறேன் என்றால், உங்கள் சீரியல் நம்பர் போட்ட கம்பெனி ரசீதைக் கேளுங்கள். பழைய கேமரா வாங்கும்போதும் மெனுவுக்குள் போய் லைசென்ஸ் பட்டியலைத் திறந்து, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

ஏற்கனவே பணம் கொடுத்து வாங்கிய சிலிக்கானுக்குள் இருக்கும் வசதியைப் பூட்டி வைத்து, மறுபடி விற்பது நியாயமா என்று கேட்டால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேல் மாடல் விற்பனை குறையக்கூடாது என்பதற்காகக் கீழ் மாடலின் கையைக் கட்டுகிறார்கள். அப்டேட் வந்தாலும் குறிப்பில் "நிலைத்தன்மை மேம்பட்டது" என்று ஒரு வரி. என்ன மேம்பட்டது, என்ன போனது என்று சொல்வதில்லை. இந்த மௌனத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

போனது என்றேனே, அதுவும் நடக்கும். பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமராவுக்கு 2019-ல் வந்த அப்டேட் பிளாக்மேஜிக் ராவைச் சேர்த்தது, கூடவே அதுவரை இருந்த சினிமா டிஎன்ஜி என்ற ரா ஃபார்மேட்டை எடுத்துவிட்டது. முக்கால் படம் டிஎன்ஜி-யில் எடுத்தவர், மீதியை வேறு ஃபார்மேட்டில் எடுக்க வேண்டிய நிலை வரும். ஆகவே படப்பிடிப்பு நடுவில் அப்டேட் போடாதீர்கள். போடும்போது பேட்டரி முழுதாக இருக்கட்டும், செட்டிங்குகளைத் தனிக் கார்டில் சேமித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் உங்கள் லென்ஸ், பேட்டரி, மானிட்டர், கார்டு எல்லாவற்றையும் மாட்டி ஒரு கார்டு நிறையும்வரை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பச் சில கேமராக்கள் விடுவதில்லை, அதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்துக்குப் போய், கடைசி ஃபர்ம்வேர் எப்போது வந்தது என்று பாருங்கள். நான்கு வருடக் கேமராவுக்கு ஒரு வருடமாக எதுவும் வரவில்லை என்றால், இனிமேல் பெரிய வசதி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எஞ்சினியர்கள் அடுத்த மாடலுக்குப் போயிருப்பார்கள். எல்இடி சோதனையைச் செய்துவிட்டு எண்ணை எனக்கு எழுதுங்கள், கிராப்பில் 120 வர வாய்ப்பு உண்டா என்று சொல்கிறேன். உங்கள் படத்தில் 120 ஃப்ரேம் எத்தனை ஷாட்டுக்கு வேண்டும் என்றும் யோசியுங்கள். பத்துப் பதினைந்து ஷாட் என்றால் அந்த ஒரு நாளுக்கு 120 எடுக்கும் கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், உங்கள் கேமராவை விற்க வேண்டியதில்லை. அந்தத் தரகர் மறுபடி போன் செய்தால், இதே மாடலில் அவர் ஏற்கனவே மாற்றிய கேமரா ஒன்றைக் கொண்டுவந்து துணி ஷாட்டை உங்கள் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.